எந்த வயதுக்கு எந்த டைனோசர்?

1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கும் 2018-இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்: ஃபாலன் கிங்டம்’ படத்துக்கும் அமெரிக்காவில் ஒரே சான்றிதழ்தான்: பி.ஜி.-13. முதல் படத்தில் ஒரு வழக்கறிஞர் கழிப்பறையில் உட்கார்ந்தபடியே டைரனோசரஸின் வாய்க்குள் போகிறார். பெரிய பிள்ளைகள் சிரித்துவிடுகிற இடம் அது. பின்னதில் யாரும் விழுங்கப்படாத ஒரு காட்சி உண்டு. மாளிகையின் மேல்மாடிப் படுக்கையறை. ஒரு சிறுமி கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். பால்கனிக் கதவின் பிடியை வெளியிலிருந்து ஒரு நகம் தடவித் திறக்கிறது. நீண்ட விரல்கள் போர்வையை நோக்கி அவசரமே இல்லாமல் வருகின்றன. அதுவரை ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அதற்குப் பிறகு எத்தனை ராத்திரி தனியாகப் படுக்கும் என்று சொல்ல முடியாது.

சான்றிதழ் கொடுப்பவர்கள் ரத்தத்தையும் வசைச்சொல்லையும் எண்ணலாம். பயத்தை எண்ணுவது கடினம். நம் தணிக்கை வாரியம் 2024 முதல் யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாக்கியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் ஒரே கோடு போட்டிருந்த பழைய முறைக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஏழுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அந்த ஆறு ஆண்டுகளைப் பெற்றோர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பிரிப்பதற்கு ஒரு நல்ல சாவியைத் தந்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோவன் கேன்டர். திரையைப் பார்த்துக் குழந்தைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பள்ளிக்குப் போகாத சிறுசுகள் உருவத்துக்குப் பயப்படுகிறார்கள். நல்லவனான ‘ஹல்க்’ பச்சை நிறமாக உப்பினாலே அலறுகிறார்கள். அவன் காப்பாற்றத்தான் வந்திருக்கிறான் என்பது அவர்கள் கணக்கில் ஏறாது. வயது கூடக்கூட, உருவத்தைவிட ‘இப்படி நமக்கும் நடக்குமோ’ என்பதே அச்சுறுத்துகிறது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் “இதெல்லாம் சும்மா, கம்ப்யூட்டர்” என்று சொல்லிப் பயனில்லை. மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் பயனுண்டு.

மூன்று, நான்கு வயதுக்கு நான் முதலில் சொல்வது நூறாண்டைக் கடந்த ஒரு படம். வின்சர் மெக்கே கையால் வரைந்த ‘கெர்ட்டி த டைனோசர்’, 1914. பேச்சில்லாத படம் என்பதால் மொழிச் சிக்கலும் இல்லை. கெர்ட்டி ஒரு ஏரியையே குடித்து வற்ற வைக்கும், யானை மாதிரி ஒன்றைத் தூக்கித் தண்ணீரில் எறியும், திட்டினால் அழும். மெக்கே இதை மேடையில் சாட்டையோடு நின்று, திரையில் தெரியும் மிருகத்தை ஏவுவது போல நடத்திக் காட்டினார். அடம்பிடித்துத் திட்டு வாங்கி அழுகிற ஒரு ஜீவனைச் சிறுபிள்ளைக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

அடுத்த படி எல்லோரும் கைகாட்டுகிற ‘த லேண்ட் பிஃபோர் டைம்’ (1988). டான் புளூத் இயக்கியது. ஸ்பீல்பெர்க்கும் ஜார்ஜ் லூக்காஸும் தயாரிப்பில் பின்னால் நின்றார்கள். குழந்தைகள் மிரளுவார்கள் என்று சுமார் பத்து நிமிடக் காட்சிகளை வெட்டியதில் படம் எழுபது நிமிடத்துக்குள் சுருங்கிவிட்டது. வெட்டியதில் பெரும்பகுதி ‘கூர்ப்பல்லன்’ என்ற டைரனோசரஸின் துரத்தல். எனக்கோ அவர்கள் வெட்டாமல் விட்ட இடம்தான் கனமாகப் படுகிறது. தாயை இழந்த குட்டி டைனோசர் லிட்டில்ஃபுட், பாறைமேல் விழுந்த ஒரு நிழலைப் பார்க்கிறான். நீண்ட கழுத்து, அம்மாவேதான். ஓடுகிறான். கிட்டப் போகப்போக நிழல் சிறுத்துக்கொண்டே வந்து அவன் அளவுக்கே ஆகிவிடுகிறது. துரத்தலில் கண்ணைப் பொத்திக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கும் இதற்கு என்ன செய்வதென்று தெரியாது. ஆறு வயது ஆகட்டும். பக்கத்தில் உட்கார ஆளும் இருக்கட்டும். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நிகழ்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போடலாம். இதன் தொடர்ச்சியாக நேரே வீடியோவுக்கு வந்த பதின்மூன்று படங்கள் பாட்டும் கூத்துமாக இருக்கும். அவற்றை நாலு வயதிலேயே போடலாம். பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பதுதான் சிரமம்.

பிக்ஸாரின் ‘த குட் டைனோசர்’ (2015) சாதுவான பெயரோடு ஏமாற்றும் படம். அப்பா வெள்ளத்தில் போகிறார். பறக்கும் ஊர்வனக் கூட்டம், காப்பாற்றுவது போலத் தூக்கிய குட்டிப் பிராணியை அப்படியே விழுங்குகிறது. ‘டோரேமான்’ பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு நோபிதாவின் டைனோசர் கதை (முதலில் 1980, மறுபடி 2006) நல்ல பாலம். அழுகை பிரிவில் மட்டும்தான். அவன் வளர்க்கும் பீசுகே உண்மையில் டைனோசரே இல்லை, கடலில் வாழ்ந்த பிளீசியோசர். ஏழு வயது நிபுணர்கள் இதை உடனே சொல்லிவிடுவார்கள்.

ஆவணப்படம் என்றால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. பி.பி.சி.யின் ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ (1999) முதல் பகுதியிலேயே சைனோடான் ஜோடியொன்று, எதிரியிடமிருந்து தப்ப வழியில்லாமல் தன் குட்டிகளையே தின்றுவிடுகிறது. கடைசிப் பகுதியில் டைரனோசரஸ் தாய் செத்துக் கிடக்க, குஞ்சுகள் பக்கத்தில் நிற்கின்றன. கற்பனைப் படத்தில் ‘சும்மா’ என்று சமாளிக்கலாம். இங்கே வர்ணனையாளர் உண்மை என்கிற தொனியில் அல்லவா பேசுகிறார்! பத்து வயதுக்கு முன் வேண்டாம் என்பேன். 2022-இல் டேவிட் அட்டன்பரோ குரலில் வந்த ‘பிரீஹிஸ்டாரிக் பிளானட்’ இதைவிட மென்மை. அதிலும் கடலில் ஒரு குஞ்சு பறிபோகிறதுதான். ஆனால் குச்சிக் கைகளை ஆட்டி ஆட்டித் துணை தேடும் கார்னோடாரஸ் ஏழு வயதுக்காரர்களை உருண்டு சிரிக்க வைக்கும்.

பத்து, பதினொன்று வந்துவிட்டால் ‘ஜுராசிக் பார்க்’. 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் தெரிவது ஏறத்தாழ 15 நிமிடம்தான். கணினியில் உருவானவை அதிலும் பாதிக்குக் குறைவு. மிச்சமெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையின் பொம்மைகள். பயத்தைச் சுமப்பது காத்திருப்பும் சத்தமும்: தம்ளர்த் தண்ணீரில் விழும் வளையம், எஃகு மேடைகளுக்கு நடுவே பிள்ளைகள் தவழும் சமையலறையில் தரையைத் தட்டும் நகம். ஒலியைக் குறைத்தால் காட்சி பாதியாக இளைத்துவிடும். அதனால் முதல் தடவை தியேட்டரில் வேண்டாம். வீட்டில், பகலில், ரிமோட் கையில் இருக்கட்டும். படத்தின் தப்புகளும் இந்த வயதுக்கு விருந்துதான். நிஜ வெலாசிராப்டர் வான்கோழி அளவு, உடம்பில் இறகு; அந்த இறகின் தடம் எலும்பில் கிடைத்ததை 2007-இல் அறிவித்தார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பார்க்கிற பிள்ளை பாதிப் பயத்தைத் தாண்டியாயிற்று.

பின்னால் வந்தவற்றில் 2015-இன் ‘ஜுராசிக் வேர்ல்ட்’ எனக்கு உறுத்துகிறது. பிள்ளைகளைக் கவனிக்கத் தவறியதைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஓர் உதவியாளரை, பறக்கும் ஊர்வன பந்தாட விட்டுக் கடல் மிருகத்துக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவு நேரம் அதைக் காட்டியதில் ஒரு வேடிக்கைத் தொனியும் இருக்கிறது. பன்னிரண்டுக்குக் கீழே அது வேண்டாம். 2022-இன் ‘டொமினியன்’ பற்றி அந்தக் கவலை குறைவு. அதில் டைனோசர்களைவிட வெட்டுக்கிளிகள்தான் கதையை நடத்துகின்றன. இந்த வரிசையில் பிள்ளை நடுவில் தூங்கிவிடக்கூடிய ஒரே படம் அதுதான்.