பொடியும் தூசியும்: சீனக் கல்புட்டிகளை முன்வைத்து

சீனத்துப் பழைய மூக்குப்பொடிப் புட்டிகளை வெறும் அழகியல் பண்டங்களாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். ஏலப் பட்டியல்கள் கற்றுக்கொடுத்த வாசிப்பு இது. மேரி, ஜார்ஜ் பிளாக் தம்பதியின் சேகரிப்பு 2010 முதல் 2015 வரை ஹாங்காங்கில் பகுதி பகுதியாக ஏலம் போனது. இத்தகைய பட்டியல்களில் கல்லின் பெயர் இருக்கும். முன்பு யார் யார் கையில் இருந்தது என்ற வம்சாவளி இருக்கும். காலத்தைச் சொல்ல சியான்லுங் (1736–1795) போன்ற பேரரசரின் பெயர் இருக்கும். குடைந்தவன் பெயர்? பெரும்பாலும் இருக்காது.

17-ம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாகச் சீனத்துக்குள் நுழைந்தது பொடி. ஐரோப்பியப் பிரபுவின் டப்பியைவிடக் காற்றுப் புகாத புட்டியே அங்கு தோதாக இருந்தது. குறுகிய வாய், இறுக்கமான மூடி, மூடியோடு ஒட்டிய சின்னக் கரண்டி. அகேட், ஜேட் போன்ற கற்களை உளி வெட்டாது. கடினமான மணல்பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்கணும். விரல் நுழையாத வாய்க்குள் வளைந்த கருவியை விட்டு, கண்ணால் பார்க்காமலே குடையணும். 'நன்கு குடையப்பட்டது' என்று பாராட்டும் பட்டியல். இந்தச் செயப்பாட்டு வினை தற்செயலானதல்ல. உள்ளே இல்லாமல் போன கல்லுக்குத்தான் அங்கே விலை. அந்தக் கல் எங்கே போச்சு, யார் மூக்கில் ஏறிச்சு என்ற கேள்வி மட்டும் எழாது.

குஜராத்தின் கம்பாத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அங்கே அகேட் மணிகளை மின்சாரச் சாணைச் சக்கரத்தில் உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆகிறது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் இதை ஆய்ந்து பதிவு செய்திருக்கிறது. குணமாக்க மருந்து கிடையாது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதை அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆனால் வீட்டு முற்றமே பட்டறையான தொழிலாளியின் இடம் அச்சட்டத்தின் கணக்கில் 'தொழிற்சாலை'யாகவே இருக்கவில்லை.

சீனப் பட்டறையில் தண்ணீர் இருந்தது, கம்பாத்தில் இல்லை. இரண்டையும் ஒன்றெனச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் மினுமினுப்பை மட்டும் பார்த்துவிட்டு, தேய்த்த உடலை விட்டுவிடும் பார்வை இரண்டு இடத்திலும் ஒன்றே.

செல்லூர்க்காரனாகிய எனக்கு இது தூரத்துச் சமாச்சாரமல்ல. எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் பொடி போட்டவர்கள். நூல் கிடக்கிற இடத்தில் பீடி நெருப்பு ஆகாது, பொடிக்கு அந்த வில்லங்கம் இல்லை. ஒரு சிட்டிகை, ரெண்டு தும்மல், மறுபடி தறி. அவர்களுடைய புட்டி காய்ந்த வாழைமட்டைதான். பொடி தீர்ந்ததும் குப்பைக்குப் போகும். அதற்கு ஏலமும் இல்லை, வம்சாவளியும் இல்லை. அதே மூக்கில் பஞ்சுத்தூசியும் ஏறியது. பொடி அவர்களாக இழுத்தது. தூசி கூலியோடு சேர்ந்து வந்தது.

அப்படியானால் அழகை ரசிக்கவே கூடாதா என்பார்கள். தாராளமாக ரசிக்கலாம். அந்தக் குடைவு ஒரு மனிதக் கையின் மேதைமை. அதை மறுப்பவன் தொழிலாளியையே மறுக்கிறான். நாம் கேட்பது இவ்வளவுதான்: கல்லின் பெயரை எழுதுகிற பட்டியலில் கையின் பெயருக்கும் ஒரு வரி. கிடைக்காத பெயரென்றால், அந்த வரி வெற்றாகவே இருக்கட்டும். யாருடைய இடம் அது என்றாவது தெரியுமே.