ப. சிங்காரம் நாவல்களில் ‘வீடு’ என்னும் உணர்வு

புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தைப் பயிற்றுவிக்கையில் ‘தாயக ஏக்கம்’ என்னும் தொடரை நாம் மிக எளிதாகக் கையாண்டுவிடுகிறோம். பாத்திரமொன்று தன் ஊரை நினைத்துவிட்டால், அது வந்த நாட்டில் வேரூன்றவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரண்டும் இம்முடிவுக்கு இடம் தருவதில்லை.

இந்நாவல்களின் வட்டிக்கடை உலகம் தோட்டப்புற உலகினின்றும் வேறானது. தோட்டங்களுக்குக் குடும்பமாகவும் வந்தனர், கோயில் எழுப்பினர், மாண்டோரை அம்மண்ணிலேயே புதைத்தனர். கடை ஊழியர்களோ பெரும்பாலும் தனியாகவே வந்தனர். பகலில் பெட்டியடியில் கணக்கெழுதியவர் இரவில் அதே கிட்டங்கியில் பாய் விரித்தார். வீடு என்பது தவணை முடிந்து கப்பலேறிய பின்னரே வாய்க்கும் என்பது அங்கு எழுதப்படாத ஒப்பந்தம்.

‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைவில் மீண்டும் மீண்டும் நடந்து பார்க்கிறான். இப்பகுதிகளை ஏக்கத்தின் சான்றாக மட்டும் கொள்வது பொருந்தாது. 1942இல் ஜப்பானியர் மெடானில் நுழைந்து கடல்வழி அடைபட்ட பின்னரே மதுரை அவனுக்குள் இத்துணைத் துல்லியம் பெறுகிறது. மேலும், மெடானின் தெருக்களும் இந்நாவலில் அதே நெருக்கத்துடன் பெயர்சுட்டப்படுகின்றன. மலாய்ச் சொற்களும் டச்சுத் தெருப்பெயர்களும் வட்டிக்கடை வழக்குகளும் விளக்கமின்றி வருகின்றன. வேற்றூரைக் காட்சிப்பொருளாகக் காண்பவரின் நடையன்று இது. அங்கே குடியிருந்தவரின் நடை.

ஆசிரியரின் வாழ்வும் இங்குக் கருதத்தக்கது. 1938இல் இந்தோனேசியா சென்ற சிங்காரம் 1946இல் தாயகம் திரும்பினார். மெடானையும் பினாங்கையும் அவர் எழுதியது மதுரையிலிருந்து. கதையில் மெடானிலிருந்து மதுரை நினைக்கப்படுகிறது. எழுத்தில் மதுரையிலிருந்து மெடான் நினைக்கப்படுகிறது. இரண்டாவதற்கு நம்மிடம் பெயரில்லை. ‘தாயக ஏக்கம்’ அதற்குப் பொருந்தாது.

‘கடலுக்கு அப்பால்’ இதனை இன்னும் தெளிவாக்குகிறது. போர் முடிந்து திரும்பும் செல்லையாவுக்கு மரகதத்தை மணமுடிக்க அவள் தந்தை மறுக்கிறார். சிப்பாயாக இருந்தவன் வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. செல்லையா இழந்த வீடு தமிழகத்தில் இல்லை. பினாங்கில், தன் இனத்தாரின் வாசலுக்குள் இருந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வீட்டை வீடாக்கும் பெண்களின் அகவுலகம் இவ்விரு நாவல்களிலும் மெலிந்தே உள்ளது. மரகதத்தின் மௌனத்தை நாம் பார்க்கிறோமேயன்றி, பினாங்கு அவளுக்கு எதுவாக இருந்தது என்பதை அறிவதில்லை.

பாண்டியன் இறுதியில் இந்தோனேசிய மண்ணிலேயே சுடப்பட்டு இறக்கிறான். அவனது தாயகம் எது என்று வகுப்பில் வினவுவதற்கு முன், அவன் எந்தெந்தத் தெருக்களைப் பெயர் சொல்லி நினைக்கிறான், எங்கிருந்து நினைக்கிறான் என்று மாணவரைப் பட்டியலிடச் செய்யலாம். பல தலைமுறைகளாக இங்குப் பிறந்து வளர்ந்த மாணவருக்கு அவ்வினா வேறு வகையாக ஒலிக்கும்.