சலிப்பும் நேரசூசியும்
ஓட்டிச இயல்புடையோர் பற்றிய மூன்று நூல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

நவீன இலக்கியத்தில் மிகுதியாகப் பேசப்பட்ட உணர்வுகளுள் சலிப்பும் ஒன்று. நகர வாழ்வில் வேரற்றுப்போன மத்தியதர வர்க்கத்து மனிதனின் மனநிலையாக அதனை இனங்காண்பது விமர்சகர்க்கு வழக்கமாகிவிட்டது. எல்லாம் வாய்த்தும் எதன்மீதும் பற்றில்லாதவன் அடையும் சோர்வே சலிப்பு என்பது அவ்வழக்கின் சாரம். ஆயின், இதற்கு நேர்மாறான சலிப்பும் ஒன்றுண்டு. ஏதேனும் ஒன்றின்மீது அளவிறந்த பற்றுடையவன், அது தன்னிடமிருந்து விலக்கப்பட்டவிடத்து அடையும் சலிப்பு அது. ஓட்டிச இயல்புடையோர் பலரின் அன்றாட வாழ்வில் நீடித்து நிற்கும் இச்சலிப்பினை இலக்கியம் எவ்வாறு இனங்கண்டுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மார்க் ஹடன் 2003 இல் வெளியிட்ட 'இரவில் நாய்க்கு நேர்ந்த விசித்திர சம்பவம்' என்னும் நாவலும், றெம்பிள் கிறான்டின் மார்கிறெற் ஸ்கரியானோவுடன் இணைந்து 1986 இல் வெளியிட்ட 'வெளிப்படல்' என்னும் தன்வரலாறும், டாரா மக்கனல்ரி 2020 இல் வெளியிட்ட 'ஓர் இளம் இயற்கையியலாளனின் நாட்குறிப்பு' என்னும் நூலும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, புறத்தே நின்று எழுதப்பட்டது. ஏனைய இரண்டும் அகத்தே நின்று எழுதப்பட்டவை.

நூல்களுக்குள் புகுமுன் இத்துறையின் சிந்தனை வரலாற்றினைச் சுருக்கமாக நோக்குதல் அவசியம். அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் பணியாற்றிய லியோ கன்னர், 1943 இல் பதினொரு பிள்ளைகளை விவரித்து எழுதிய ஆய்வுரையில், எதுவும் மாறாதிருத்தல் வேண்டும் என்ற அவர்தம் தீவிர விருப்பினைச் சிறப்பாகக் குறித்தார். அவ்விருப்பத்தின் உள்ளே என்ன உண்டு என்ற வினாவிற்குப் பின்வந்தோர் பலர் 'ஒன்றுமில்லை' என்றே விடை கூறினர். புறூனோ பெற்றல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூலுக்கு 'வெற்றுக் கோட்டை' எனப் பெயரிட்டமை இப்பார்வையின் உச்சம் எனலாம். பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்ற அவரது கொள்கை இன்று கைவிடப்பட்டுவிட்டது. ஆயினும் 'வெறுமை' என்ற படிமம் அத்துணை எளிதில் அகலவில்லை. ஒரே செயலை நாள்முழுதும் செய்யும் பிள்ளையைக் கண்டு, 'இதற்கு அலுப்பே இல்லையா?' என வியப்போர் இன்றும் உளர். 2005 இல் டைனா மறே, மைக் லெசர், வென் லோசன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை இப்பார்வையைத் தலைகீழாக்கியது. பலரது கவனம் ஒரே வேளையில் பலவற்றின்மீது பரந்து கிடக்க, ஓட்டிச இயல்புடையோரின் கவனமோ ஒரு சிலவற்றுள் முழுவதும் பாய்கின்றது என்பது அவர்தம் கருத்து. இதனை ஏற்றுக்கொள்வோமாயின், திரும்பத் திரும்பச் செய்தல் வெறுமை அன்று, நிறைவே என்பது பெறப்படும். அந்நிறைவு கலைக்கப்படும்போது எஞ்சும் பொழுதே வெறுமையாகின்றது.

பொழுதின் வெறுமை தமிழ் மரபு அறியாததன்று. முல்லைக்கு இருத்தலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். இரண்டிலும் தலைவி காத்திருக்கிறாள். ஆயின், முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்ற எல்லை உண்டு. எல்லை அறிந்த காத்திருப்பு ஆற்றியிருத்தல் ஆகின்றது. எல்லை அறியாத காத்திருப்போ இரக்கமாகின்றது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு ஹடனின் நாவலை அணுகலாம்.

2

நாவலின் கதைசொல்லி கிறிஸ்தோபர் பூன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன். இங்கிலாந்தின் சுவின்டன் நகரில் தந்தையுடன் வாழ்பவன், கணிதத்தில் வல்லவன். அவனது நிலைக்கு நாவலினுள் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. ஆயினும் வாசகர் அவனை ஓட்டிச இயல்புடையவனாகவே கண்டனர். அயல்வீட்டு நாய் கொல்லப்பட்டுக் கிடக்கக் கண்ட அவன், கொன்றவரைத் துப்பறிந்து அதனை நூலாக எழுத முற்படுகிறான்.

பாடசாலை நாள்களில் ஒழுங்கான நேரசூசி உண்டு. வார இறுதியிலோ அவன் தானே நேரசூசி தயாரித்து, மட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்கிறான். தன் வளர்ப்பு எலிக்கு உணவிடுவதும் அதில் ஓர் இடம் பெறுகின்றது. பிரான்சுக்கு விடுமுறையிற் சென்ற காலத்தை அவன் விரும்பவில்லை. விடுமுறையில் இருப்போர்க்கு நேரசூசி இல்லை என்பதே காரணம். அன்றன்று என்ன செய்யப்போகிறோம் என்பதைக் காலைதோறும் பெற்றோர் அவனுக்குச் சொல்லவேண்டியிருந்தது. பிறருக்கு ஓய்வாகத் தோன்றும் பொழுது அவனுக்கு உருவமற்ற பொழுதாகின்றது. ஹடன் இதனை மிகைப்படுத்தாது காட்டியுள்ளமை பாராட்டத்தக்கது. நான்கு சிவப்புக் கார்கள் தொடர்ந்து வரக் காணின் அன்று நல்ல நாள் எனக் கொள்ளும் அவனது வழக்கத்தை உளவியலாளர் தர்க்கமற்றது என்கிறார். காரியாலயத்தினுள் நாள்முழுதும் அடைபட்டிருப்போர், காலையில் வெயிலைக் கண்டு மகிழ்வதில் மட்டும் தர்க்கம் உண்டா எனக் கேட்பதுபோல் அமைகின்றது அவன் விடை. பொழுதிற்கு உருவம் கொடுக்க ஒவ்வொருவரும் ஏதோவொரு குறியைப் பற்றிக்கொள்கின்றனர்; அவனது குறி மட்டும் விசித்திரமாகக் கணிக்கப்படுகின்றது.

நாவலின் தலைப்பு, கொனன் டொயில் எழுதிய ஷேர்லொக் ஹோம்ஸ் கதையொன்றில் வரும் கூற்றினின்றும் பெறப்பட்டது. அக்கதையில், இரவில் நாய் ஒன்றும் செய்யவில்லை என்பதே விசித்திர சம்பவம். அதாவது, எதுவும் நிகழாமையே அங்கு நிகழ்ச்சி. இத்தலைப்பினைத் தேர்ந்த ஆசிரியர் நிகழாமையை எழுதியிருத்தல் கூடும். ஆயின், துப்பறியும் கதையின் உருவம் அதற்கு இடந்தரவில்லை. அவ்வுருவம் நிகழ்ச்சிகளைக் கோருவது. கொலை, பொய், கடிதங்கள், இலண்டனுக்குத் தனித்த பயணம் எனக் கதை விரைகின்றது. கதையின் திருப்பமும் ஒரு பறித்தலிலேயே தங்கியுள்ளது. மகனின் விசாரணையால் சினமுற்ற தந்தை அவன் எழுதிவந்த நூலைப் பறித்து ஒளித்துவைக்கிறார். அதனைத் தேடும்போதே, இறந்துவிட்டாள் எனச் சொல்லப்பட்ட தாயின் கடிதங்கள் அவன் கையில் அகப்படுகின்றன. பற்றிய பொருள் பறிக்கப்பட்டவனது தேட்டம் கதைக்குப் பயன்படுகின்றதேயன்றி, அப்பறித்தல் அவனது பொழுதினை என்ன செய்தது என்பதில் ஆசிரியரின் கண் நிலைக்கவில்லை.

எனினும், விமர்சகர் அதிகம் கவனியாத சில பக்கங்கள் உள. சாகசம் முடிந்து இலண்டனில் தாயின் வீட்டில் அவன் தங்கும் பகுதி அது. அவன் பெரிதும் எதிர்பார்த்திருந்த உயர்தரக் கணிதப் பரீட்சையை ஒத்திவைப்பதாகத் தாய் கூறிவிடுகிறாள். செய்வதற்கு ஒன்றுமில்லை. தாயுடன் வாழ்பவர் நூலகத்திலிருந்து நூல்கள் கொணர்கிறார். எண் புதிர்கள் பற்றியும் அண்டத்தின் தோற்றம் பற்றியும் அணுசக்தி பற்றியும் அமைந்தவை. தலைப்பளவில் அவன் விரும்பும் பொருள்களே. ஆயின், சிறுபிள்ளைகளுக்கானவை என அவன் அவற்றைப் படிக்கவில்லை. கொணர்ந்தவரோ நன்றியின்மை எனக் குறைப்படுகிறார். வானொலியை இரு நிலையங்களுக்கு இடையே நிறுத்தி, அதன் இரைச்சலைச் செவியோடு அணைத்துக்கொள்கிறான் சிறுவன். நாவலில் சலிப்பு தன் மெய்யான உருவில் தோன்றுமிடம் இதுவே. ஏதேனும் ஒன்றைக் கையில் திணித்தல் சலிப்பைப் போக்காது; உரிய பொருள் உரிய ஆழத்தில் கிடைத்தல் வேண்டும் என்ற உண்மை இப்பக்கங்களில் பொதிந்துள்ளது. முன்னர், புகையிரத மேடையில் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் அமர்ந்திருந்தும் அத்துணை நேரம் கழிந்ததாகத் தோன்றவில்லை என்று அவன் கூறுவதோடு இதனை ஒப்பிடல் வேண்டும். மேடையில் அச்சமும் இரைச்சலும் பொழுதினை விழுங்கிவிட்டன; வீட்டிலோ பொழுது அசையாது கிடக்கின்றது. புறத்தே நோக்குவோர்க்கு இரண்டும் 'சும்மா இருத்தல்' என்றே தோன்றும்.

3

கிறான்டின் 1947 இல் அமெரிக்காவில் பிறந்தவர். பிற்காலத்தில் கால்நடை விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் வரைந்த கால்நடைத் தொழுவ அமைப்புகள் வட அமெரிக்காவிற் பரவலாகப் பயன்பட்டன. கடற்கரை மணலைக் கைவிரல்களினூடே வழியவிட்டு, மணியை மணியாக உற்றுநோக்கிய சிறுவயது அனுபவத்தை அவர் விவரிக்கும்போது, கன்னர் புறத்தே கண்டது அகத்தே எத்தகையது என்பது முதன்முறையாகத் தெளிவாகின்றது. காண்போர்க்கு ஒரே மணல். அவருக்கோ ஒவ்வொரு மணியும் வேறு. சலிப்பு அங்கு காண்போரிடத்து உள்ளதேயன்றி, மணலை அளைபவரிடத்து இல்லை.

ஆயின், கிறான்டின் இதனை வரையறையற்ற உரிமையாக வாதிடவில்லை என்பதும் நேர்மையாகக் குறிக்கப்படல் வேண்டும். தாயும் பணிப்பெண்ணும் தம்மை விளையாட்டுகளிலும் உரையாடலிலும் இடையறாது ஈடுபடுத்தியமை நன்மையே பயந்தது என்கிறார். மதிய உணவுக்குப் பின் ஒரு மணித்தியாலம் அவர் தம் விருப்பப்படி சுழலவும் தம்முள் ஆழவும் அனுமதிக்கப்பட்டார். இங்குக் கவனிக்கத்தக்கது, அந்த மணித்தியாலம் நாள்தோறும் உறுதியாகக் கிடைத்தமை. அது தண்டனையாகப் பறிக்கப்படவில்லை. எல்லை அறிந்த காத்திருப்பு என முன்னர்க் குறித்தது இதுவே.

இளமையிற் பாடங்களில் அக்கறையற்ற மாணவியாக அவர் இருந்தார். அத்தையின் பண்ணையில், மாடுகளை அசையாது நிறுத்தும் அமுக்குபொறியைக் கண்டு, தம் பதற்றம் தணிக்க அதுபோன்றதொன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். உளவியலாளர் அதனை விட்டொழிக்கச் சொல்ல, விஞ்ஞான ஆசிரியர் வில்லியம் கார்லொக், அந்த அமுக்கம் ஏன் அமைதி தருகின்றது என்பதை ஆராய்ந்து அறியுமாறு தூண்டினார். கற்பதற்குக் காரணம் கிடைத்தது, சலிப்பு நீங்கியது. ஒருவர் பற்றிய பொருளைப் பகையாகக் கண்டார்; மற்றவர் அதனையே கல்வியின் வாயிலாக்கினார்.

இந்நூலின் குறை அதன் உருவத்திலேயே உளது. வெற்றி பெற்றவர் பின்னோக்கி எழுதும் தன்வரலாற்றில் சலிப்பு கடந்துவந்த ஒரு கட்டமாகிவிடுகின்றது. 'வெளிப்படல்' என்ற பெயரே ஓட்டிசத்தினின்றும் வெளியேறியமையை உணர்த்துவது. 1995 இல் எழுதிய 'படிமங்களிற் சிந்தித்தல்' என்னும் நூலில், ஓட்டிசம் தம்மில் ஒரு கூறு எனவும் அதனை நீக்கிக்கொள்ள விரும்பவில்லை எனவும் அவர் கூறுவது, முன்னைய நூலுக்கு அவரே எழுதிய விமர்சனமாகவும் கொள்ளத்தக்கது.

4

இக்குறையினின்றும் விடுபட்டது மக்கனல்ரியின் நூல். வட அயர்லாந்தைச் சேர்ந்த இவ்விளைஞர் தம் பதினான்காவது வயதின் ஓராண்டினைப் பருவங்களாகப் பகுத்து எழுதியுள்ளார். 2020 இல் இயற்கை எழுத்துக்கான வெயின்றைற் பரிசு இந்நூலுக்குக் கிடைத்தது. தந்தை தவிர்ந்த குடும்பத்தினர் யாவரும் ஓட்டிச இயல்புடையோர். ஆதலின் அவ்வீட்டில் ஓட்டிசம் விளக்கம் வேண்டும் விசித்திரமாக இல்லை. பறவைகளும் பூச்சிகளும் தாவரங்களும் அவரது பற்று. பாடசாலையில் அவர் பட்ட துன்புறுத்தலும் ஃபேர்மனா பகுதியிலிருந்து டவுண் பகுதிக்கு வீடு மாறியமையால் பழகிய இடங்களை இழந்த துயரும் நூலில் இடம்பெறுகின்றன. நாட்குறிப்பாளன் நாளை என்ன நேரும் என்பதை அறியான். எனவே, இங்கு வெறுமை கடந்துவந்த கட்டமாக அன்றி, அன்றன்று எதிர்கொள்ளப்படுவதாக உளது. வசந்தத்திற் பறவை வரும், குளிர்காலத்தில் மரம் வெறிதாகும் என்ற பருவ ஒழுங்கு, கிறிஸ்தோபர் மட்டையில் எழுதிய நேரசூசியின் இடத்தைப் பெறுகின்றது. ஒன்றே திரும்ப வருவதும், ஒவ்வொரு முறையும் புதிதாக வருவதும் இயற்கையின் இயல்பு. உள்ளடக்கமும் உருவமும் இசைந்தமையே இந்நூலின் சிறப்பு.

5

சலிப்பை எதிர்கொள்ளல் தனிமனிதனின் பொறுமையை மட்டும் பொறுத்ததன்று. கிறான்டினுக்குப் பணிப்பெண்ணும் சிறிய தனியார் பாடசாலையும் அத்தையின் பண்ணையும் வாய்த்தன. கிறிஸ்தோபரின் தந்தையோ வீடுகளின் வெப்பமூட்டும் சாதனங்களைத் திருத்திப் பிழைப்பவர்; தனித்து நின்று மகனை வளர்ப்பவர். நாவலின் இறுதியில் தாய் வாடகை அறையொன்றில் வாழ்ந்து வேலைக்குச் செல்ல, பாடசாலை முடிந்து அவள் திரும்பும்வரை, தான் அஞ்சும் தந்தையின் வீட்டிலேயே மகன் பொழுதைக் கழிக்க வேண்டியவனாகிறான். யாருடைய பொழுது எவரால் ஒழுங்கு செய்யப்படுகின்றது என்பது பொருளாதார வினாவுமாகும். ஹடன் இதனை வெளிப்படக் கூறாவிடினும் அவரது யதார்த்த நோக்கு அதனை மறைக்கவில்லை.

இன்னொரு வரையறையும் உண்டு. மூன்று நூல்களிலும் பேசுவோர் சொல்வளம் உடையோர். பேச்சு வாயாத ஓட்டிச இயல்புடையோரின் சலிப்பு இவற்றுள் இடம்பெறவில்லை. 'எனக்கு அலுக்கிறது' என்று சொல்ல வழியில்லாதவன் கத்துவான், ஓடுவான், தன்னையே அடித்துக்கொள்வான்; அது குழப்படி என்று பெயர்பெறும். குழப்படிக்குத் தண்டனையாக அவன் சுழற்றிக்கொண்டிருந்த போத்தல் மூடியும் பறிக்கப்படும். சலிப்பின் விளைவுக்குச் சலிப்பே தண்டனையாகும் இக்கொடிய வட்டம் நமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நிகழக்கூடியதே. இதனைப் படைப்பாளர் எழுதல் வேண்டும். விமர்சகரும் ஓட்டிசம் பற்றிய படைப்பொன்றை மதிப்பிடும்போது, பாத்திரத்தின் விசித்திரங்கள் எத்துணைச் சுவையாக வார்க்கப்பட்டுள்ளன என்பதோடு நின்றுவிடலாகாது. நிகழ்ச்சிகள் ஓய்ந்தபின் அப்பாத்திரத்தின் கையில் என்ன எஞ்சுகின்றது, அதனைப் பறிக்கும் உரிமை யாருக்கு அளிக்கப்பட்டுள்ளது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.