ஆரோக்கியத்தின் மூன்று சாமிகள்

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் க்ரியா வெளியீடாக வந்தது. அப்போதிலிருந்து அந்த நாவலைச் சுற்றி நடந்தது பெரும்பாலும் ஒரே சண்டைதான். சுந்தர ராமசாமி அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். ராஜ் கௌதமன் கடுமையாக எதிர்த்தார். தலித்துகளுக்கே துணி வெளுக்கும் ஒரு சாதியைக் காட்டி, ஒடுக்கப்பட்டவர்களையே ஒடுக்குபவர்களாக நிறுத்துவது யாருக்கு உதவும் என்பதுதான் அந்த எதிர்ப்பின் சாரம். முக்கியமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனா முப்பது வருஷமாக இதையே பேசியதில் ஒரு விஷயம் ஓரத்துக்குப் போய்விட்டது. கதையின் நடுவில் நிற்கும் ஆரோக்கியம் ஒரு கத்தோலிக்கப் பெண். பெயரளவில் மட்டும் இல்லை, நெஞ்சார நம்புகிறவள்.

பெயர்களைப் பாருங்கள். ஆரோக்கியம், கணவன் சவுரி, பிள்ளைகள் ஜோசப், மேரி, பீட்டர். நாவல் தொடங்குவதே அந்தோணியார் கோயிலுக்குப் போகும் பயணத்தில்தான். கடைக்குட்டி பீட்டரைச் சாமியாராக்கிவிட வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. புதிரை வண்ணார் வீட்டில் பிறந்த பையன் அங்கி போட்டுப் பூசை வைப்பான், ஊரே அவன் முன்னால் முழங்கால் போடும். இந்த ஆசையில் பக்தி எவ்வளவு, தப்பிக்கும் வழி எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. இமையமும் பிரிக்கவில்லை. நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

நிலம் இல்லாத விவசாயக் குடும்பம் என்று அவர்களைச் சொல்லலாம். காலனிக்காரர்களின் துணியை எடுத்து, உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து வெளுப்பது ஒரு வேலை. பிரசவம் பார்ப்பது, சாவு வீட்டுச் சடங்கு வேலைகள் எல்லாம் இன்னும் சில. கூலி என்று தனியாகக் கிடையாது. ராத்திரி வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்க வேண்டும், அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் தானியத்துக்குக் கையேந்த வேண்டும். களத்துமேட்டுப் பகுதிகளை மெதுவாகப் படியுங்கள். எவ்வளவு அள்ளிப் போடுவது என்பதைக் கொடுப்பவரின் மனசு தீர்மானிக்கிறது. போன வருஷத்தைவிடக் கம்மி என்று வாய்விட்டுச் சொல்லும் உரிமைகூட வாங்குகிறவளுக்கு இல்லை. அதனால் கெஞ்சல், புகழ்ச்சி, பழைய உறவை ஞாபகப்படுத்துவது, கண்ணீர் என்று பலதும் கலந்த ஒரு பேச்சு அவளிடம் உருவாகிறது. அந்தப் பேச்சைக் கூர்ந்து கேட்டால் அது செபத்தின் அதே வடிவம் என்பது புலப்படும்.

அவள் வாயில் ஓயாமல் வரும் சொல் 'சாமி'. சோறு போடும் காலனி ஆள் சாமி. கோயிலில் பூசை வைப்பவரும் சாமி, சாமியார். மேலே இருப்பவரும் சாமிதான். மூன்று அதிகாரங்களுக்கும் அவளிடம் ஒரே விளி. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இது சாதாரணம், யாரும் கவனிப்பதில்லை. ஆனா ஆரோக்கியத்தின் வாயில் அந்தச் சொல்லுக்குக் கனம் கூடுகிறது. மூன்று பேரிடமும் அவள் கேட்பது ஒன்றே: கொடுங்கள், மறந்துவிடாதீர்கள். கொடுக்காவிட்டால் கேள்வி கேட்க முடியாது, திரும்பவும் கேட்கத்தான் முடியும். அந்தோணியாரிடம் வேண்டிக் கிடைக்காமல் போனால் எப்படிப் பொறுத்துக்கொள்வது என்பதைக் களத்துமேடு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. களத்துமேட்டில் ஏமாந்தால் எப்படி மனசைத் தேற்றுவது என்பதை அந்தோணியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இதை 'அபின்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேரிக்கு நேரும் கொடுமையை யாரிடமும் முறையிட வழியில்லாமல் அந்தத் தாய் விழுங்குகிறாள். சோறு போடுகிற ஊரின் மேல் புகார் சொன்னால் சோறு நின்றுவிடும். அந்த இரவில் செபம் அவளை மயக்குகிறது என்று சொல்வது சுலபம். சொல்லவே முடியாத ஒன்றைச் சொல்ல அவளுக்கு வேறு எந்த இடம் இருந்தது என்று கேட்டால் பதில் சுலபமாக வராது.

இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்பதற்கு ஒரு பழைய கிளைக்கதை இருக்கிறது. அது எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துக் கதை. ராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்தவர். 1623-ல் அங்கிருந்து கிளம்பி சேந்தமங்கலம் வந்தார். அங்கே ராமச்சந்திர நாயக்கரிடம் ஆதரவு கிடைத்தது, பிறகு சேலம் போனார். 1625-ல் திருமங்கல நாயக்கர் என்ற அரச குடும்பத்து ஆள் ஞானஸ்நானம் பெற்றார். நோபிலி காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், சந்நியாசியாக வாழ்ந்தார். பூசை, கோயில் என்று நம்மிடம் இருந்த சொற்களே கிறிஸ்தவத்துக்கும் ஆயின. சாதி என்பது சமூக வழக்கம், மதம் மாற அதை விட வேண்டியதில்லை என்பது அவர் எடுத்த நிலை. அதன் விளைவாக, மேல்சாதியாரிடம் பழகும் குருவால் கீழ்ச்சாதியாரிடம் வெளிப்படையாகப் பழக முடியாமல் போனது. 1640-ல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி ஆனார். மற்ற சாதிகளுக்கு என்று தனிக் குருமார் வரிசை அப்படித்தான் உருவானது. ஒரே நற்கருணைக்கு இரண்டு வகைச் சாமியார்கள்.

காக்காவேரி மாதிரி ராசிபுரம் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்கள், 1930-ல் சேலம் மறைமாவட்டம் அமைந்தது எல்லாம் இந்த நீண்ட கதையின் பிற்பகுதி. நோபிலியைத் தமிழ் உரைநடையின் முன்னோடி என்று கொண்டாடும் கட்டுரைகள் நிறைய. அந்த ஏற்பாட்டின் கடைசிப்படியில் யார் நின்றார்கள் என்று பார்க்க ஒரு நாவல் தேவைப்பட்டது. ஞானஸ்நானத்தில் பெயர் மாறியது, ராச்சோறு மாறவில்லை.

பக்கத்தில் வைத்துப் படிக்க இன்னொரு நாவல் இருக்கிறது, பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010). திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பொன்னாவுக்கும் வேண்டுதல்தான் வாழ்க்கை. நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது, புருஷன் காளி உயிராக இருக்கிறான், பிள்ளை இல்லை. மலையில் வறடிக்கல்லைச் சுற்றிவருவது வரை எல்லாம் செய்கிறாள். ஆரோக்கியத்துக்குப் பிள்ளைகள் உண்டு, மற்ற எதுவும் இல்லை. மதம் வேறு, சாதி வேறு, ஆனா நேர்த்திக்கடனின் கணக்கு ஒன்றே: நான் உடம்பை வருத்துகிறேன், நீ பார்த்துச் செய். பொன்னாவால் ஊர் பேசுவதைக் கேட்டுக் கோபப்பட முடிகிறது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் தோட்டமும் தொண்டுப்பட்டியும் நிற்கின்றன. ஆரோக்கியம் கோபத்தையும் அழுகையாக மாற்றித்தான் வெளியே விட வேண்டும்.

இந்த இடத்தில் இமையத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அழுகை அதிகம். நாவல் நெடுக ஒப்பாரியின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஒப்பாரி மொழி பிரமாதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனா ஓர் அளவுக்கு மேல் வாசகனின் காது பழகிவிடுகிறது. அவள் கேலி பண்ணும், கணக்குப் போடும், கணவனை அதட்டும் பக்கங்களில்தான் ஆள் முழுசாகத் தெரிகிறாள். அவை இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். பாமாவின் 'சங்கதி'யில் (அதுவும் 1994தான்) இந்தக் குறை இல்லை. அங்கே காட்டுவேலைக்குப் போகும் கத்தோலிக்கப் பெண்கள் ஏசுகிறார்கள், பாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், கோயிலையும் விட்டுவைப்பதில்லை. ஆனா 'சங்கதி'யைச் சொல்பவள் படித்து வெளியே வந்த பெண், பாமாவே கன்னியர் மடத்தில் இருந்து 1992-ல் விலகியவர். திருச்சபையைப் பார்க்க அவருக்கு ஒரு வெளியிடம் கிடைத்தது. ஆரோக்கியத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. அவளை அவள் நம்பிக்கைக்கு உள்ளேயே வைத்து, அதைக் கிண்டலும் பண்ணாமல் புனிதமும் ஆக்காமல் எழுதியதுதான் இமையத்தின் சாதனை என்று நினைக்கிறேன்.

திருச்சபை இப்படிப்பட்ட பெண்களை எப்படிப் பார்க்கிறது என்பதும் யோசிக்க வேண்டியது. இத்தாலியின் விச்சென்சா பகுதி விவசாயி மனைவி எவுரோசியா ஃபாப்ரிஸுக்கு 2005-ல் முக்திப்பேறு பெற்றவர் பட்டம் கொடுத்தார்கள். 'மம்மா ரோசா' என்றுதான் ஊரில் பெயர். போலந்தின் மார்க்கோவா கிராமத்து விக்டோரியா உல்மா, யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944-ல் கணவனோடும் பிள்ளைகளோடும் கொல்லப்பட்டவர். 2023-ல் குடும்பத்துக்கே அந்தப் பட்டம். இந்தியாவில் இருந்து அண்மையில் புனிதர் ஆனவர்களை வரிசைப்படுத்துங்கள். அல்போன்சா, சாவரா, எவுப்ராசியா, மரியம் திரேசியா எல்லாம் துறவிகள். 2022-ல் புனிதரான தேவசகாயம் பொதுநிலையினர், குடும்பஸ்தர். அவருடைய மனைவி ஞானப்பூ, கணவர் 1752-ல் கொல்லப்பட்ட பிறகு வடக்கன்குளத்தில் வாழ்ந்து முடித்தார். அவரைப் பற்றி வரலாறுகளில் சில வரிகள்தான். பிள்ளை வளர்த்து, களை பறித்து, செபமாலை சொல்லித் தேய்ந்த இந்தியத் தாய் ஒருத்திகூட அந்த வரிசையில் இல்லை. பட்டம் கொடுத்தால்தான் மதிப்பா என்று கேட்கலாம். கொடுப்பவர்கள் எதை வாழ்க்கை என்று எண்ணுகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் தெரிகிறது, அவ்வளவுதான்.

அரசாங்கத்தின் பட்டியல் இன்னொன்று. 1950-ம் வருஷத்து அரசியல் சட்ட ஆணையின்படி புதிரை வண்ணார் தமிழ்நாட்டில் பட்டியல் சாதி. இந்து, சீக்கிய, பௌத்த மதத்தில் இருந்தால் மட்டும். ஞானஸ்நானம் பெற்றவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். மதத்தைச் சாதிச் சலுகையோடு முடிச்சுப் போடக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் சொன்னது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். காலனிக்காரர்களுக்கு ஆரோக்கியம் எந்தச் சாதி என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. தாலுகா ஆபீசில்தான் வரும்.

நாவலின் பிற்பகுதியில் பழைய ஏற்பாடு கலைகிறது. துணி டவுன் லாண்டரிக்குப் போக ஆரம்பிக்கிறது, மூத்தவன் ஜோசப் மனைவியோடு கிளம்பிவிடுகிறான், களத்துமேட்டில் கை சுருங்குகிறது. நாவல் வந்த வருஷத்தில் பீட்டர் ஒரு சிறுவன் என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு அவனுக்கு என் வயசு. சாமியாராகியிருந்தால் ஏதோ ஒரு பங்கில் ஞாயிற்றுக்கிழமை பூசை வைத்துக்கொண்டிருப்பான். பூசை முடிந்து வாசலில் நிற்கும் கிழவிகள் அவனையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களில் யார் அவன் அம்மா மாதிரி ராச்சோறு எடுத்தவள் என்று பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கும்.