ஊதுகிறவரும் ஒட்டுகிறவர்களும்

அமெரிக்காவின் டகோமா நகரில் 2002இல் திறக்கப்பட்ட கண்ணாடி அருங்காட்சியகத்தின் அடையாளம், சாய்ந்து நிற்கும் 90 அடி உயர எஃகுக் கூம்பு. கூம்புக்குள் உலை எரிகிறது. உலைக்கு எதிரே படிப்படியாக இருக்கைகள். உருகிய கண்ணாடி உருவம் பெறுவதைக் கூட்டம் உட்கார்ந்து பார்க்க, ஒருவர் ஒலிவாங்கியில் விளக்கம் சொல்கிறார். கலைஞர்களை வரவழைத்துத் தங்கவைத்து, அந்த உலையையும் அங்குள்ள குழுவையும் அவர்களிடம் ஒப்படைக்கும் உறைவிடத் திட்டமும் உண்டு. எல்லாவற்றையும் இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். அங்கே காலையில் வேலை தொடங்கும்போது மணலூர்பேட்டையில் இரவுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். நான் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தது இப்படித்தான். பல இரவுகள், கைபேசியில்.

அழகுதான். மறுக்க மாட்டேன். ஊதுகுழலின் நுனியில் தேன்போல் சுருட்டி எடுக்கப்பட்ட கண்ணாடி, எஃகு மேசைமேல் உருண்டு, ஒரு மூச்சு வாங்கியதும் உள்ளே குமிழ் விடுகிறது. நனைத்த செய்தித்தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும் அந்தக் குமிழை ஒருவர் தடவிக்கொடுத்து வடிவம் பண்ணுகிறார். ஆவி பறக்கிறது. குழலை உருட்டுவதை நிறுத்தினால் கண்ணாடி தொங்கிவிடும். ஆகவே யாராவது ஒருவர் உருட்டிக்கொண்டே இருக்கிறார். ஒருவர் ஊத, ஒருவர் உருட்ட, ஒருவர் மரப்பலகை பிடித்து முகத்துக்கு வெப்பம் தாக்காமல் மறைக்க, நாலைந்து பேர் பேசாமலே ஒருவர் அசைவை ஒருவர் புரிந்துகொண்டு நகர்கிறார்கள். மரபெஞ்சில் உட்கார்ந்து இவர்களை நடத்துபவருக்கு ஆங்கிலத்தில் 'காஃபர்' என்று பெயர். அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்கு முதலில் 'கிழவனார்', 'பெரியவர்' என்றே பொருள். தொழிலின் தலைமை நாற்காலிக்குப் பெயர் வைக்கும்போதே அதில் உட்காரப்போவது யார் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்த அருங்காட்சியகத்தை நகரத்தோடு இணைக்கும் நடைப்பாலத்துக்கு டேல் சிஹூலியின் பெயர். டகோமாவில் பிறந்தவர், கண்ணாடியைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்த இயக்கத்தின் மிகப் பிரபலமான முகம். 1976இல் ஒரு கார் விபத்தில் இடது கண் பார்வையை இழந்தார். 1979இல் தோள்பட்டை இடம்பெயர்ந்தபின் ஊதுவதைக் கைவிட்டார். அதற்குப் பின் அவர் வரைந்து காட்ட, குழு செய்கிறது. அவர் பெயரில் உலகமெங்கும் தொங்கும் பிரம்மாண்டமான சரவிளக்குகளில் இருப்பது பிறருடைய மூச்சு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; கோயில் கட்டிய சிற்பிகளின் பெயர் நமக்கு மட்டும் தெரியுமா என்ன. பலருடைய கைகள் ஒருவர் பெயருக்குள் மறைவதைக் கலையுலகம் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

இப்போது பெண்கள் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள். 2019இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ப்ளோன் அவே' என்ற கண்ணாடி ஊதும் போட்டியின் முதல் பருவத்தில் வென்றவர் டெபோரா செரெஸ்கோ. ஆண்களின் கோட்டையாக இருக்கும் தொழில் இது என்று நிகழ்ச்சியிலேயே வெளிப்படையாகப் பேசியவர். இறுதிச் சுற்றில் தொத்திறைச்சிகள் தொங்கும் சரவிளக்கு ஒன்றைச் செய்து, கண்ணாடியின் ஆடம்பரத்தையே கிண்டலடித்தார். பரிசின் ஒரு பகுதி, நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் தங்கிப் பணிபுரியும் வாய்ப்பு. பார்த்தபோது எனக்கு உற்சாகமாக இருந்தது. ஆனால் பெண் வென்றது ஊதும் ஆட்டத்தில். அரங்கு எந்த வேலையைக் கலை என்று காட்டத் தேர்ந்தெடுக்கிறதோ அந்த வேலையில். தேர்வு எப்படி நடந்தது என்று அவர் வெற்றி நம்மைக் கேட்கவைக்கவில்லை.

கண்ணாடியை ஊதும் முறை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் தோன்றியது. அதற்கு வெகுகாலம் முன்பே கண்ணாடி இருந்தது. வார்த்தார்கள், சுற்றினார்கள், இழுத்தார்கள். நம் பக்கத்து அரிக்கமேட்டில் செய்தது இழுத்த கண்ணாடி. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டினார்கள். (வீலர் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. விமலா பெக்லியை என் மாணவிகளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.) உருகிய கண்ணாடியை நடுவே துளையுள்ள நீண்ட குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடேற்றி விளிம்பை மழுக்கிச் செய்த கடுகளவு மணிகள். இந்தோ-பசிபிக் மணிகள் என்று பீட்டர் ஃபிரான்சிஸ் பெயரிட்ட இவ்வகை மணிகள் ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை கிடைத்திருக்கின்றன. ஊதுகுழலை மையத்தில் நிறுத்தும் எந்த அரங்கிலும் இந்த மணிக்கு ஒரு மேடை கிடையாது. ஒரு மணியைச் செய்து காட்டினால் யார் கைதட்டுவார்கள்?

முரானோ தீவிலும் இதே கதை. அங்கே பெரிய உலை ஆண்களுடையது. மரியெட்டா பரோவியர் என்ற பெண் 1487இல் தனக்கென்று ஒரு சிறு உலை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார் என்பது வரலாற்றில் விதிவிலக்காகவே நிற்கிறது. அவரும் பெயர்பெற்ற கண்ணாடி ஆசான் ஆஞ்செலோ பரோவியரின் மகள். மற்றப் பெண்கள் விளக்குச் சுடரில் மணி செய்தார்கள், அல்லது மணி கோத்தார்கள். கோப்பவர்களை 'இம்பிராரெஸ்ஸே' என்பார்கள். வெனிஸின் சந்துகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மடியில் மரத்தட்டு நிறைய மணிகளை வைத்து, விசிறிபோல் விரித்துப் பிடித்த நீள ஊசிகளை அதற்குள் செலுத்திச் செலுத்திக் கோத்தார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. பீடி சுற்றும் நம் பெண்களின் முறமும் மடியும் எனக்கு நினைவுக்கு வந்தன.

மணலூர்பேட்டைக்கு வருவோம். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை மணலில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். மணலில் போட்ட கடைகளில் கண்ணாடி வளையல் கடைகளுக்குக் குறைவிருக்காது. அந்நிய ஆண் ஒருவன் எல்லோர் முன்னாலும் பெண்ணின் கையைப் பிடிக்கலாம் என்று நம் சமூகம் அனுமதித்த இடம் வளையல் கடை. அவர் கையைப் பார்த்தே 'ரெண்டு நாலு', 'ரெண்டு ஆறு' என்று அளவு சொல்வார். கட்டைவிரலை மடக்கி, முட்டியை அமுக்கி, உடையாமல் ஏற்றிவிடுவார். மலாரம் மலாரமாக அங்கே தொங்குவதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்திலிருந்து வருவது.

ஃபிரோசாபாத்தில் உலையடியில் நிற்பவர்கள் ஆண்கள். உருகிய கண்ணாடியை இழையாக இழுத்து, சுழலும் உருளையில் சுருள்கம்பிபோல் சுற்றுகிறார்கள். சுருளை நீளவாக்கில் கீறினால் நூற்றுக்கணக்கான வளையங்கள், ஒவ்வொன்றும் வாய் திறந்தபடி. இந்தத் திறந்த வாய்களைச் சேர்ப்பது ஆலைக்குள் நடப்பதில்லை. வளையங்கள் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குப் போகின்றன. அங்கே பெண்களும், சட்டம் என்ன சொன்னாலும், சிறுமிகளும் சுடருக்கு முன் உட்கார்ந்து, வளையத்தைத் தட்டை செய்து, இரண்டு முனைகளையும் உருக்கி ஒட்டுகிறார்கள். காற்று வந்தால் சுடர் ஆடும் என்று ஜன்னலை அடைத்துவிடுகிறார்கள். தாஜ்மகாலின் பளிங்கு மஞ்சளாகிறது என்று தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத்து ஆலைகளை நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. பளிங்கின் நுரையீரலுக்கு நீதி கிடைத்தது. அடைத்த அறையில் ஒட்டுகிறவளின் நுரையீரல் வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

அருங்காட்சியகத்தில் கண்ணாடி உடைந்தால் விபத்து. நம்மிடம் உடைப்பதற்கென்று ஒரு நாள் இருக்கிறது. கண்ணகி சிலம்பை உடைத்ததைப் பாடுகிறோம். மதுரையை விட்டுப் போகும்போது கொற்றவை கோயில் வாசலில் தன் கைவளையை அவள் உடைத்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முதல் உடைப்பு அரசனிடம் கேட்ட கேள்வி. இரண்டாவது உடைப்பை, கணவன் இறந்த ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஊர் கூடி நடத்திவைத்தது. மகாராஷ்டிரத்தின் ஹெர்வாட் கிராமம் 2022இல் இந்தச் சடங்குகளை நிறுத்தத் தீர்மானம் போட்டபோது அது தேசியச் செய்தியானது என்றால், மற்ற ஊர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைக்கு அருகே கூவாகத்தில், சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் அழுகளத்தில் தாலியறுத்து, கை நிறைய அணிந்த கண்ணாடி வளையல்களை உடைக்கிறார்கள். பெண்ணாக ஏற்கப்படுவதற்கு வளையல் அணிந்தால் மட்டும் போதாது, அது உடைபடவும் வேண்டும் என்று நம் மரபு அவர்களிடமும் கேட்டு வாங்கியிருக்கிறது. ஒப்பாரி ஓய்ந்தபின் அந்த மண்ணில் கிடக்கும் சில்லுகளைவிடக் கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்லும் காட்சிப்பொருள் எதையும் நான் நேரலையில் பார்க்கவில்லை.

கார்னிங்குக்கோ டகோமாவுக்கோ உறைவிடக் கலைஞராக யாரை அழைக்கலாம் என்று என்னைக் கேட்டால், ஃபிரோசாபாத்தின் ஒட்டும் பெண் ஒருவரைச் சொல்வேன். பெரிய உலை அவருக்குத் தேவையில்லை. ஒரு சுடர், ஒரு மணை, ஒரு மூட்டை திறந்த வளையங்கள், திறந்துவைத்த ஜன்னல். ஒரு வளையத்துக்குச் சில நொடிகள்தான். ஒலிவாங்கி பிடித்தவருக்கு அரைமணி நேரத்தில் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது, கூட்டமும் மெல்ல எழுந்து போகும். அவர் வேலையை நிறுத்தப்போவதில்லை. தங்கும் நாட்களுக்கு மற்றக் கலைஞர்களுக்குத் தரும் அதே தொகையை அவருக்கும் தர வேண்டும். காட்சிக்கு வைக்கும் வளையல்களில், விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படும் அந்த ஒட்டு பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கீழே அவர் பெயர்.