பேய்க்கு முகம் எதற்கு?

ஜப்பானியத் திகில் மாங்காவில் நாட்டார் மரபு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலரும் யோகாய்களின் பெயர்களை அடுக்குவார்கள். பழங்கதைகளின் அமானுஷ்ய உருவங்கள் பக்கங்களில் நடமாடினால் மரபு, இல்லையென்றால் வெறும் கற்பனை என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இந்த அளவுகோலில் உடன்பாடில்லை. பெயர்பெற்ற யோகாய் எதையும் நம்பி நிற்காத ஜுன்ஜி இட்டோவின் ‘உசுமாகி’யை (1998–99) வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று மாங்காக் கலைஞர் மிசுகி ஷிகேரு. இரண்டாம் உலகப் போரில் நியூ பிரிட்டன் தீவில் இடக்கையை இழந்தவர். சிறுவயதில் நோன்னோன்பா என்ற மூதாட்டியிடம் கேட்ட கதைகளைக் கடைசிவரை வரைந்தவர். அவர் செய்ததை நூரிகாபே என்ற ஒரு யோகாயை வைத்தே புரிந்துகொள்ளலாம். இரவில் நடந்து போகிறவர் முன்னால் திடீரென்று ஒரு சுவர் மறிக்கும். கம்பால் அதன் அடிப்பகுதியைத் துழாவினால் மறைந்துவிடும், மேலே அடித்தால் பயனில்லை. நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ பதிவு செய்த இந்த ஃபுகுவோகா வழக்கில் அதற்கு உருவமே கிடையாது. மிசுகி அதற்குக் கண்ணும் கைகாலும் கொடுத்தார். அழிந்துபோயிருக்கக்கூடிய ஒரு நம்பிக்கை அதனால் பிழைத்தது. ஆனால் 1965இல் ‘ஷோனென் மேகசின்’ வார இதழுக்கு வந்த, கிதாரோ என்ற பேய்ச் சிறுவனைப் பற்றிய அவரது கதைகள் சிறுவர்களின் நாயகனைக் கேட்டன. நூரிகாபே கிதாரோவுக்குத் தோழனாகிவிட்டது. முகம் தெரிந்துவிட்ட பேயிடம் பாசம் வரும், பயம் வராது.

உசுமாகி எதிர்த்திசையில் நடக்கிறது. குரோசு என்ற கடலோர ஊரைச் சுழல் வடிவம் பீடிக்கிறது. ஆவி இல்லை, அசுரன் இல்லை. தொடக்கத்தில், கதாநாயகி கிரியேயின் காதலன் ஷுயிச்சியின் தந்தை சந்தில் குந்தி உட்கார்ந்து சுவரில் ஒட்டிய நத்தையை வெறித்துக்கொண்டிருக்கிறார். கிரியே கூப்பிட்டும் திரும்பவில்லை. பிறகு அவர் ஒரு மரத்தொட்டிக்குள் தன் உடலையே சுருட்டிக்கொண்டு சாகிறார். இட்டோவின் ஆற்றல் அந்தக் கோரத்தைவிட அடுத்து நடப்பதில்தான் தெரிகிறது. சிதைப்புகை வானில் சுழன்று ஊர்க்குளத்தில் இறங்குகிறது. அந்தக் குளத்து மண்ணை எடுத்துத்தான் கிரியேயின் தந்தை பாண்டம் வனைகிறார். சூளையிலிருந்து வரும் பாண்டங்களில் செத்தவர்களின் முகங்கள் தெரிகின்றன.

நாட்டார் கதை இப்படித்தான் இயங்கும். சாபம் ஆளைத் தேடி வருவதில்லை. ஊரின் நீர், மண், தொழில், சடங்கு வழியாகப் பரவுகிறது. மழை நாளில் மட்டும் பள்ளிக்கு வரும் மந்தமான மாணவன் நத்தையாகும் அத்தியாயத்திலும் இதே தர்க்கம். அவனைத் துன்புறுத்தியவனும் நத்தையாகிறான்; அவை இட்ட முட்டைகளை நசுக்கிய ஆசிரியரும் தப்பவில்லை. கடைசிப் பகுதியில் பசி முற்றியதும் நத்தையானவர்களையே ஊரார் தின்கிறார்கள். இட்டோ இதைக் குளிர்ந்த, சீரான கோடுகளில், ஒரு பதைப்பும் காட்டாமல் வரைவதால் கொடூரம் இரட்டிப்பாகிறது.

குறைகளும் சிறியவையல்ல. கிரியேயின் கூந்தல் சுருண்டு ஆட்டிவைக்கும் அத்தியாயத்தில் சுழல் வெறும் வடிவமாக நிற்கிறது. ஊரோடு அதற்கு வேர் இல்லை. நேற்று கண்ட பயங்கரம் மறுநாள் கிரியேயின் மனத்தில் தடமே பதிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் தனிக்கதை தரவேண்டிய தொடரின் நெருக்கடி இதற்குக் காரணமாக இருக்கலாம்; அதனால் பாத்திரத்தின் வறுமை மறைந்துவிடாது. இன்னொரு குறை அடிப்படையானது. நூரிகாபேயைத் துழாவ ஒரு கம்பு இருந்தது. நாட்டார் வழக்கில் அச்சத்தோடு பரிகாரமும் சேர்ந்தே வரும். மனிதர் அந்தச் சக்திகளோடு ஏதாவது ஒரு வகையில் உடன்பட்டு வாழ்வார்கள். உசுமாகியில் அந்த வழி முழுதாக அடைபட்டுவிட்டது. பரிகாரத்தைக் காத்த மிசுகி அச்சத்தை இழந்தார். இட்டோவுக்கு நேர்ந்தது இதன் மறுதலை.

அப்படியானால் தீர்ப்பு யார் பக்கம்? மரபைக் காப்பாற்றியவர் என்றால் சந்தேகமில்லாமல் மிசுகிதான். திகில் கலை என்று பார்த்தால் உசுமாகியே உயர்ந்தது; அதுவும் முழு நூலாக அல்ல, சாபத்தை ஊரின் வாழ்க்கைக்குள் ஓடவிட்ட அத்தியாயங்களால். குளத்து மண், நத்தை போன்ற பகுதிகளை மாங்காவின் உச்சங்களில் வைப்பேன். கூந்தல் கதையைத் தயங்காமல் விலக்குவேன். யோகாயின் பெயரைக் கடன் வாங்கும் படைப்பாளிக்கு இந்த நூல் தரும் பாடம் தெளிவானது: பேயை வரைவதற்கு முன் அது பிடிக்கப்போகும் ஊரை வரைய வேண்டும்.