வாசலும் தப்தரும்

திருமயத்திலிருந்து மதுரை போகும் சாலையில் காட்டுபாவா பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே அடக்கமாகியிருக்கும் பாவா பக்ருதீன், கள்வர்களிடம் சிக்கிய பெண்களைக் காக்கப் போய் உயிர்விட்டவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ரபீயுல் ஆகிர் மாதத்துக் கந்தூரிக்குச் சாதி மதம் பாராமல் கூட்டம் சேரும். தமிழ்நாட்டில் எந்தத் தர்காவுக்கும் ஒரு வியாழக்கிழமை மாலை போய்ப் பாருங்கள், வருகிறவர்களில் பெண்களே அதிகம். பிள்ளை வரம், தீராத நோய், வளைகுடாவுக்குப் போன புருஷனிடமிருந்து தகவல் இல்லாத கவலை, எல்லாவற்றையும் இறக்கிவைக்க அவர்களுக்கு வாய்த்த இடம் அது. பள்ளிவாசலுக்குள் போக முடிந்திருந்தால் இத்தனை பேர் தர்காவைத் தேடி வந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் பல தர்காக்களிலும் பெண்ணுக்கு எல்லை கபுர் அறையின் படிதான். பூவும் சந்தனமும் உள்ளே போகும், வாங்கிவந்தவள் வெளியே நிற்பாள்.

மும்பை ஹாஜி அலி தர்காவில் இந்தப் படிக்கட்டு வழக்கு நீதிமன்றம் ஏறியது. முன்பு உள்ளே போய்வந்துகொண்டிருந்த பெண்களை 2012 வாக்கில் அறக்கட்டளை தடுத்தது. ஆண் இறைநேசரின் அடக்கத்தலத்தைப் பெண் நெருங்குவது பெரும்பாவம் என்றது, பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் என்றும் சேர்த்துச் சொன்னது. நூர்ஜஹான் சஃபியா நியாஸும் ஜக்கியா சோமனும் தொடுத்த வழக்கில் 2016 ஆகஸ்ட் 26 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றத்தில் அறக்கட்டளையே இறங்கிவந்தது. அந்த நவம்பர் இறுதியில் பெண்கள் மறுபடி உள்ளே போனார்கள். நூற்றாண்டுகளாகப் பாவமாக இல்லாத ஒன்று திடீரென்று எப்படிப் பாவமானது என்பதற்குத்தான் கடைசிவரை தெளிவான பதில் வரவில்லை. அஜ்மீரில் பெண்கள் கபுர் அருகே போகலாம், டெல்லி நிஜாமுத்தீன் தர்காவில் போக முடியாது. இரண்டும் சிஷ்தி மரபைச் சேர்ந்தவை. நிர்வாகம் போடுகிற விதிக்கு மார்க்கத்தின் பெயர் ஒட்டப்படுகிறது என்று சொல்ல இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

பள்ளிவாசலுக்கு வருவோம். நபிகள் காலத்து மதீனாப் பள்ளியில் ஆண்களுக்குப் பின்வரிசையில் பெண்கள் தொழுதார்கள். பெண்களைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுக்க வேண்டாம் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. மக்காவில் கஅபாவைச் சுற்றி வரும்போது ஆணும் பெண்ணும் ஒரே கூட்டம். 2020இல் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே, பள்ளிவாசலில் பெண்கள் தொழத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் எழுத்தில் சொல்லிவிட்டது. மறுபக்கத்துக்கும் வலு இருக்கிறது. பெண்ணுக்கு வீட்டுத் தொழுகையே மேல் என்னும் நபிமொழி அபூதாவூதில் உண்டு. ஜும்மா அவளுக்குக் கடமையில்லை. கைக்குழந்தையும் அடுப்பும் இருக்கும் வீட்டில் இதைச் சலுகையாகவே நினைக்கும் பெண்கள் நிறைய, அவர்களை அறியாதவர்கள் என்று தள்ளுவது திமிர். ஆனால் சலுகை என்றால் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். பெண்கள் ஒளுச் செய்ய ஒரு குழாய்கூடப் போடாத பள்ளிவாசலில் அதை அவள் எப்படிச் சொல்வாள்?

தனியிடம் என்ற தீர்வு நமக்குப் புதிதல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்கள் தைக்காக்கள் உண்டு. பெண்களே கூடி ஓதுகிறார்கள், கற்றுத்தருகிறார்கள். சீனாவின் கைஃபெங் நகரில் பெண் இமாம்கள் நடத்தும் பெண்கள் பள்ளிவாசல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. ஆண்கள் பள்ளியின் மூலையில் திரைக்குப் பின்னால் கிடைக்கும் இரண்டு பாயைவிடத் தைக்காவே மேல் என்று ஒரு காயல்பட்டினத்துப் பெண் சொன்னால் மறுக்க என்னிடம் வாதமில்லை. தவ்ஹீத் இயக்கங்கள் தங்கள் மர்கஸ்களில் ஜும்மாவுக்குப் பெண்களை வரவழைத்தன, பாராட்ட வேண்டிய காரியம். அதே இயக்கங்கள் தர்காவுக்குப் போவதை இணைவைப்பு என்று கண்டித்தன. ஒரு வாசல் திறந்தபோது இன்னொன்று அடைபட்டது. இரண்டுமே அவளைக் கேட்டு நடந்ததாகத் தெரியவில்லை.

தொழுகையோடு பேச்சை நிறுத்திக்கொண்டால், புதுக்கோட்டையில் உருவான ஒரு பெண்கள் ஜமாஅத் எழுப்பிய கேள்வி தப்பிப்போகும். நம் ஊர்களில் பள்ளிவாசல் ஊர் ஜமாஅத்தின் அலுவலகமும்கூட. திருமணங்களைப் பதியும் நிக்காஹ் தப்தர் அங்கே இருக்கிறது. தலைக்கட்டு வரி அங்கே கட்டப்படுகிறது. மஹர் எவ்வளவு, கைக்கூலி திரும்பி வருமா, தலாக் செல்லுமா, பிள்ளை யாரிடம் என்பதெல்லாம் அங்கே பேசி முடிக்கப்படுகிறது. கல்யாணத்தன்று பெண்ணின் சம்மதம் கேட்க வக்கீலும் இரண்டு சாட்சிகளும் அவள் இருக்கும் இடத்துக்கே வருகிறார்கள். அவளுடைய மணவாழ்க்கை முறியும்போது அந்த மரியாதை இல்லை. அவள் சார்பில் அப்பாவோ அண்ணனோ உள்ளே போய்ப் பேசுவார்கள், அவள் முடிவைக் கேட்டுக்கொள்வாள். அப்பாவும் அண்ணனும் இல்லாதவள் பாடு சொல்ல வேண்டியதில்லை.

இதை உடைத்துச் சொன்னவர் தாவூத் ஷரிஃபா கானம். அலிகாரில் படித்தவர், 1988இல் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர், திரும்பிவந்து புதுக்கோட்டையில் ‘ஸ்டெப்ஸ்’ அமைப்பைத் தொடங்கியவர். அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்த மாவட்டம் இது, அந்தக் காற்று அவருக்கும் உதவியிருக்கும். 2003-04 வாக்கில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவானது. கூடவே, பரம்பூரில் பெண்கள் நிர்வாகத்தில் ஒரு பள்ளிவாசல் கட்டப்போவதாகவும் ஷரிஃபா அறிவித்தார். எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன. தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ ஆவணப்படம் இந்த ஜமாஅத் நடக்கும் விதத்தைக் காட்டுகிறது. பன்னிரண்டாயிரம் உறுப்பினர்கள், எட்டாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகள் என்கிறது படத்தின் அறிமுகக் குறிப்பு.

இந்த ஜமாஅத்தின் பெரும் பலம், பாதிக்கப்பட்டவளே நேரில் உட்கார்ந்து தன் வாயால் சொல்வது. அடித்த கையை, கடிதத்தில் வந்த தலாக்கை, திருப்பித் தராத நகையை ஆண்கள் நிறைந்த கூடத்தில் சொல்ல முடியாதவள் இங்கே சொல்கிறாள். குர்ஆனை விட்டு வெளியே போகாமல் அதன் உள்ளே நின்றே வாதாடுகிறார்கள். மதத்தை உதறிவிட்டு வா என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. காவல் நிலையத்துக்கும் துணைக்குப் போகிறார்கள்.

பலவீனமும் இருக்கிறது. தப்தர் அவர்களிடம் இல்லை. கணவனை அழைத்தால் அவன் வராமல் இருந்துவிடலாம், ஊர்விலக்கம் செய்யும் பலம் இவர்களுக்கு இல்லை, அது இருக்கவும் வேண்டாம். சட்டமும் குறுக்கே வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிவாசல்களுக்குள் நீதிமன்றம் போல எதுவும் நடக்கக் கூடாது என்றது. 2017 ஜனவரியில், காஜி தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் வழக்கறிஞர் பதர் சயீத். 2023இல், குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு, வேண்டும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், ஷரீஅத் கவுன்சில் சான்றிதழ் செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது. ஆண்கள் ஜமாஅத்தின் பல்லைப் பிடுங்கிய இந்தத் தீர்ப்புகள் பெண்கள் ஜமாஅத்துக்கும் பல் முளைக்க விடாது. அதில் எனக்கு வருத்தமில்லை. விவாகரத்து நீதிமன்றத்தில் நடக்கட்டும். ஆனால் குடும்ப நீதிமன்றத்துக்கு வாய்தா வாய்தாவாகப் பஸ் ஏறி அலைய முடியாத ஒரு மணமேல்குடிப் பெண்ணுக்கு இந்தப் பெண்கள் செய்துகொடுத்த வேலையை யார் செய்வார்கள் என்பதைத் தீர்ப்புகள் சொல்லவில்லை.

பரம்பூர்ப் பள்ளிவாசல் யோசனையைப் பற்றி என் மனம் இரண்டாகவே இருக்கிறது. பெண்கள் கட்டினால் பள்ளிவாசல் ஆகாதா என்ற கேள்வியை ஊர் ஊராகப் பேச வைத்தது அதன் வெற்றி. உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் பெண்களுக்குத் தனிப் பள்ளி அமைந்துவிட்டால், அவர்களைச் சேர்க்காத பள்ளிக்கு அதுவே ஒரு சாக்காகிவிடும். அதுதான் உங்களுக்கென்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். தைக்கா உள்ள ஊர்களிலும் ஊர்ப் பஞ்சாயத்து ஆண்கள் பள்ளியில்தானே கூடுகிறது?

கேட்க வேண்டிய இடம் நிர்வாகக் குழு என்று தோன்றுகிறது. மாநில வக்ஃப் வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2013 சட்டத் திருத்தம் சொல்கிறது. அதே பதர் சயீத் தமிழ்நாட்டில் அந்த வாரியத்துக்குத் தலைவராகவே இருந்திருக்கிறார். வாரியத்தின் கீழ் வரும் ஊர்ப் பள்ளிவாசல் குழுக்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஒரு பெண் மாநிலத்துப் பள்ளிவாசல்களை எல்லாம் மேற்பார்வை பார்க்கலாம், தன் தெருப் பள்ளிவாசலின் குழுவில் உட்கார முடியாது. விதவைகளிடம் வரி வாங்காமல் விடும் ஜமாஅத்துகள் உண்டு, இரக்கத்தில் செய்வதுதான். வரி கட்டாத தலைக்கட்டுக்குக் கூட்டத்தில் குரலும் இல்லாமல் போகிறது. அந்த வரியை வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலி போடுங்கள் என்பது தனிப் பள்ளிவாசலைவிடச் சின்னக் கோரிக்கையாகத் தெரியலாம். எதிர்ப்பு இதற்குத்தான் அதிகமாக இருக்கும். தனிப் பள்ளியில் பெண்கள் என்ன செய்தாலும் ஊர்ப் பள்ளியின் கணக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கும். குழுவில் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் தப்தரோடு கடை வாடகையும் கந்தூரி வசூலும் அவள் கண்ணில் படும்.